ராய்ஸின் துப்பாக்கி, என் பை

மார்ச் 9, சனி

இன்று காலை என் கணவர் ராய்ஸ் குளித்துவிட்டு வந்து முதலில் கால்சட்டையைப் போட்டார், அடுத்தது துப்பாக்கி. சட்டை மூன்றாவதாகத்தான். எங்கே போகிறோம்? முட்டை வாங்கப் போகிறோம். எங்கள் ஊர் ராக்கி மவுண்ட்டில் முட்டைக்கு யாரும் யாரையும் சுட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

கடையில் அவர் மேல் அலமாரிக்குக் கையைத் தூக்கியபோது சட்டை ஏறி, இடுப்பில் இருந்தது தெரிந்தது. பக்கத்தில் நின்ற ஆள் அதைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினான். ராய்ஸும் ஆட்டினார். இரண்டு பேருக்கும் அப்படி ஒரு பூரிப்பு. நான் முட்டைகளில் விரிசல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 13, புதன்

மகள் மார்சி நியூ ஜெர்சியிலிருந்து போன் செய்தாள். பிரசவத்துக்கு இன்னும் ஒரு மாதம். தொட்டிலைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு இரண்டு நாள் இருந்துவிட்டுப் போங்கள் என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள், "அம்மா, அப்பா அதை எடுத்துட்டு வரக் கூடாது. நியூ ஜெர்சில உங்க ஊர் பெர்மிட் செல்லாது. ஜெயில்ல போட்டுடுவாங்க."

ராய்ஸிடம் சொன்னேன். குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கும் வரைபடத்தைக் காட்டினார். நம் அனுமதி அட்டை செல்லும் மாநிலங்களுக்குப் பச்சை, செல்லாதவற்றுக்குச் சிவப்பு. அவரே வண்ணம் தீட்டியது. பெண்ணின் பள்ளிப் பாடத்துக்கு ஒரு நாள் பென்சில் சீவிக் கொடுக்காத மனிதர்.

"வர்ஜீனியால கடைசியா நிக்கிற இடத்துல கழட்டி, குண்டை எடுத்துட்டு, டிக்கில பூட்டிடுவேன். எனக்குத் தெரியாதா? பதினோரு வருஷமா பெர்மிட் வெச்சிருக்கேன்."

நானும்தான் வைத்திருக்கிறேன். தேவாலயத்தில் தம்பதிகளுக்கென்று ஒரு துப்பாக்கி வகுப்பு நடந்தது. ஹார்லன் மோஸ்லி நடத்தினார். போகாவிட்டால் ராய்ஸ் மாதக்கணக்கில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாரே என்று போனேன். காகித மனிதனை நெஞ்சில் சுடச் சொன்னார்கள், நான் முழங்காலில் சுட்டேன். அப்படியும் தேறிவிட்டேன் என்றார்கள். அதற்குப் பிறகு அதைக் கையால் தொட்டதில்லை. அட்டை மட்டும் பணப்பையில் நூலக அட்டையோடு கிடக்கிறது.

மார்ச் 15, வெள்ளி

நாளை விடிந்ததும் கிளம்புகிறோம். கடலை அவித்து வைத்துவிட்டேன். தொட்டில் பெட்டி டிக்கி முழுவதையும் அடைத்துக்கொண்டது. மார்சிக்கு வடக்கே கிடைக்காத நம் ஊர் வினிகர் ஊற்றிய இறைச்சிக் குழம்பை ஐஸ் பெட்டியில் வைத்து, அதையும் தொட்டில் பெட்டிக்கும் டிக்கிக் கதவுக்கும் நடுவில் திணித்தோம். ராய்ஸ் முட்டி போட்டுத் தள்ளித்தான் டிக்கியை மூடினார்.

மார்ச் 18, திங்கள்

மார்சி வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். மணிக்கட்டில் இன்னும் தடம் இருக்கிறது.

எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். எழுதாவிட்டால் நடக்கவில்லை என்று நானே நம்பிவிடுவேன் போலிருக்கிறது.

நியூ ஜெர்சிக்குள் நுழைந்து அரை மணி நேரம் ஆகியிருக்கும். ராய்ஸ் இடது ஓரத்திலேயே ஆற அமர ஓட்டிக்கொண்டிருந்தார். வேகமாகப் போகிறவர்களுக்கான வழி அது, ஒதுங்கு என்று இரண்டு முறை சொன்னேன். "சாலை எல்லாருக்கும்தான்" என்றார். பின்னால் போலீஸ் விளக்கு சுழன்றது. ஓரமாக நிறுத்தினார்.

எங்கள் ஊரில் போலீஸ் நிறுத்தினால், கேட்பதற்கு முன்னால் துப்பாக்கி இருப்பதை நாமே சொல்லிவிட வேண்டும் என்பது சட்டம். ஹார்லன் வகுப்பில் அதைத்தான் திரும்பத் திரும்ப ஒத்திகை பார்த்தார்கள். இரண்டு கையும் ஸ்டியரிங் மேல், முகத்தில் புன்னகை, முதல் வார்த்தையே அதுதான். ஊரில் அப்படிச் சொன்னால் போலீஸ்காரர் நன்றி சொல்லி, என்ன ரகம், எங்கே வாங்கினீர்கள் என்று கால் மணி நேரம் பேசிவிட்டு அனுப்பிவிடுவார். ராய்ஸுக்கு அது ஒரு சந்தோஷம். கண்ணாடியை இறக்கி, ஓட்டுநர் உரிமத்தோடு பெர்மிட்டையும் சேர்த்து நீட்டினார்.

"சார், முதல்லயே சொல்லிடறேன். எங்ககிட்ட பெர்மிட் இருக்கு. வண்டில ஆயுதம் இருக்கு."

டிக்கியில்தானே இருக்கிறது, அதையும் ஏன் சொல்கிறார் என்று நான் நினைத்தேன். அந்த இளவயசுப் போலீஸ்காரன் ஓரடி பின்னால் போனான். கை அவன் இடுப்புக்குப் போனது.

"எங்க இருக்கு?"

"பின் சீட்டுல. என் மனைவியோட பையில."

என் பையில்!

டெலவேரில் அந்தப் பைக்குள்தான் கையை விட்டுத் துழாவிக் கடலை எடுத்துத் தின்றுகொண்டு வந்தேன். அதற்கடியில் குண்டு போட்டபடி அது கிடந்திருக்கிறது. வர்ஜீனியாவில் நான் கழிப்பறைக்குப் போயிருந்தபோது வைத்திருக்கிறார். ஏன்? டிக்கியில் தொட்டில் இருந்ததாம். இறக்கி ஏற்ற வேண்டுமாம். சோம்பேறித்தனம், அவ்வளவுதான். மனுஷனா இவன்?

என்னை வண்டியிலிருந்து இறக்கிக் கையைப் பின்னால் கட்டினார்கள். நெடுஞ்சாலையில் போகிற ஒவ்வொரு வண்டியும் வேகம் குறைத்துப் பார்த்துவிட்டுப் போனது. ராய்ஸிடம் யாருடையது என்று கேட்டார்கள். நான் அவன் வாயையே பார்த்தேன். என்னுடையது என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

"ரெண்டு பேரும் உபயோகிப்போம், சார்."

என் பணப்பையைத் திறந்தார்கள். நூலக அட்டைக்குப் பின்னால் என் பெர்மிட் இருந்தது. போதாதா? நான் அது என்னுடையது இல்லை, நான் வைக்கவில்லை என்று கத்தினேன். எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள் என்றார் ஒரு வயதான போலீஸ்காரர், கோபமே இல்லாமல். மறுநாள் அவனை வெளியே விட்டுவிட்டார்கள். என் பை, என் பெர்மிட் என்பதால் வழக்கு என் மேல் மட்டும். கூப்பிடும்போதெல்லாம் நீதிமன்றத்துக்கு வர வேண்டும் என்று சொல்லி என்னையும் பிறகு அனுப்பினார்கள்.

வெளியே வந்ததும் ராய்ஸ் கட்டிப்பிடிக்க வந்தான். நான் மார்சியின் காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

மார்ச் 20, புதன்

மார்சி பிடித்துக் கொடுத்த வக்கீல் பெயர் பெட்ரில்லோ. குள்ளமான பெண்மணி, பேசப் பேச ரொட்டி தின்கிறாள். இந்த ஊர்ச் சட்டப்படி குறைந்தது மூன்றரை வருஷம் சிறை என்று, உப்பு கொஞ்சம் தூக்கல் என்கிற மாதிரி சொன்னாள்.

இரண்டு வழி இருக்கிறதாம். என் மேல் இதற்கு முன் ஒரு வழக்கும் இல்லாததால், அரசு வக்கீல் இரங்கினால், சிறை இல்லாமல் கண்காணிப்பில் விடுவார்கள். ஆனால் ஆயுத வழக்கு என்ற பேச்சு என்னோடு ஒட்டிக்கொண்டே வரும். இன்னொன்று சுலபம். துப்பாக்கி என்னுடையது, அவளுக்குத் தெரியாமல் நான்தான் வைத்தேன் என்று ராய்ஸ் சத்தியம் பண்ணிச் சொல்ல வேண்டும். சொன்னால் என் மேல் வழக்கு நிற்காது. அவன் மேல் வரும்.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ராய்ஸை அவள் பார்த்தாள். நானும் பார்த்தேன். அவன் கேட்டது இதுதான்:

"துப்பாக்கி எப்ப திரும்பக் கிடைக்கும்?"

பெட்ரில்லோ மெல்லுவதை நிறுத்திவிட்டாள்.

மார்ச் 27, புதன்

ஊருக்கு வந்தாயிற்று. பள்ளி வண்டிகளைப் பார்த்துக்கொள்ளும் க்வென் என்னைக் கூப்பிட்டு அனுப்பினாள். பத்தொன்பது வருஷமாக நான் ஓட்டும் பள்ளிப் பேருந்துக்கு ஒரே வழித்தடம், ஒரு குழந்தையைக்கூடத் தவறவிட்டதில்லை. சாவியைக் கொடு என்று கேட்க அவளுக்கே நாக்கு எழவில்லை. கண்காணிப்பில் விட்டால் ஓட்டலாமா என்று கேட்டேன்.

"அது ஆகாது ட்வைலா. துப்பாக்கி வழக்குன்னு இருந்தாலே, பிள்ளைங்க ஏறுற வண்டில உன்னை உக்கார வைக்க முடியாது. வழக்கு சுத்தமா தள்ளுபடி ஆகணும். ஆச்சுன்னா மறுநாளே வா."

சாவியை மேசையில் வைத்துவிட்டு வந்தேன். ஆக, எல்லாம் ராய்ஸ் வாயைத் திறப்பதில் இருக்கிறது.

மார்ச் 31, ஞாயிறு

தேவாலயத்தில் எனக்காகப் பிரார்த்தனை. பெயர் சொல்லி, எழுந்து நிற்கச் சொல்லி. வடக்கத்திக்காரர்களின் கொடுங்கோன்மைக்கு ஆளான நம் சகோதரி என்று ஹார்லன் சொன்னார். ஆமென் என்றார்கள். ராய்ஸ் குனிந்து கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

எல்லாரும் துப்பாக்கி என்னுடையது என்று நினைக்கிறார்கள். அவன் திருத்தவில்லை.

ஏப்ரல் 6, சனி

சனியன், என் முகத்தைப் பனியனில் அச்சடித்திருக்கிறார்கள். "ட்வைலாவோடு நிற்கிறோம்." பள்ளி ஆண்டு மலரில் வந்த பழைய படம், தலைமுடி பறந்துகொண்டிருக்கும். ஹார்லனின் தொந்தி மேல் என் வாய் இந்தக் காதுக்கும் அந்தக் காதுக்கும் இழுத்துக்கொண்டு கிடந்தது.

முழுப் பன்றியைச் சுட்டு ஊருக்கே சாப்பாடு. ராய்ஸ் மைக்கைப் பிடித்துப் பேசினான். நெடுந்தூரம் போகும்போது ஒரு பெண் தன்னைக் காத்துக்கொள்வது குற்றமா என்று கேட்டான். கைதட்டினார்கள். என் மனைவியை நினைத்துப் பெருமைப்படுகிறேன் என்றபோது குரல் தழுதழுத்தது. நடிப்பு என்றால்கூடப் பரவாயில்லை. நிஜமாகவே நம்புகிறான். மூன்று வாரத்தில் அவன் மண்டைக்குள் அந்தத் துப்பாக்கி என்னுடையதாகவே ஆகிவிட்டது.

நான் எழுந்து உண்மையைச் சொன்னேன். பன்றி இறைச்சித் தட்டோடு நின்றவர்களிடம், அது அவனுடையது, என் பையில் அவன் போட்டது என்று சொன்னேன். பக்கத்து மேசைப் பெண் என் கையைப் பிடித்துத் தடவிக் கொடுத்தாள். பாவம், பயந்து போயிருக்கிறாள் என்று அவள் தன் கணவனிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

கூட்டம் முடிந்ததும் தட்டை அப்படியே குப்பையில் போட்டேன்.

ஏப்ரல் 12, வெள்ளி

இன்று அவனை உட்கார வைத்துக் கேட்டேன். தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, நேருக்கு நேர். எப்போது பெட்ரில்லோவிடம் சொல்லப்போகிறாய்?

"சொல்ல மாட்டேன்னு சொல்லலையே. ஹார்லன்கிட்ட கொஞ்சம் கலந்து பேசிட்டு..."

"ஹார்லனா உன் துப்பாக்கியை என் பையில வெச்சாரு?"

விரலால் நாற்காலிக் கையைச் சுரண்டினான். பிறகு ஏதோ நோயைச் சொல்வது போல மெதுவாகச் சொன்னான்.

"ஒரு தடவை குற்றவாளின்னு ஆயிட்டா, ஆயுசுக்கும் துப்பாக்கியைத் தொட முடியாது, ட்வைலா. ஒண்ணுகூட. வீட்ல இருக்கறதையும் எடுத்துட்டுப் போயிடுவாங்க. நான் எப்படி வாழ்றது, சொல்லு?"

"நான் ஜெயிலுக்குப் போனா?"

"உன்னை அனுப்ப மாட்டாங்க. பொம்பளை. ஸ்கூல் வண்டி ஓட்டுறவ. உன்னைப் பாத்தா யாருக்கும் அனுப்ப மனசு வராது."

"வண்டியும் போயிடும்."

"போனா போகட்டும். உனக்கும் ஓய்வு வேணும்."

இதில் எனக்கு நல்லது செய்கிற மாதிரி ஒரு முகம் வேறு. எழுந்து போய் முகத்தைக் கழுவினேன். திரும்பி வந்தபோது தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது.

ஏப்ரல் 19, வெள்ளி

பெண் குழந்தை. இரண்டு பேரும் நலம். அப்பா பெட்ரில்லோவிடம் பேசும்வரை இங்கே வர வேண்டாம் என்று மார்சி சொல்லிவிட்டாள். அவன் கோபித்துக்கொண்டு கடைக்குப் போய்விட்டான்.

மே 4, சனி

வீட்டில் இன்னும் மூன்று துப்பாக்கிகள் இருக்கின்றன. அதில் ஒன்றை இப்போது இடுப்பில் செருகிக்கொண்டு திரிகிறான். புது உறை வாங்கியிருக்கிறான். கண்ணாடி முன்னால் நின்று சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு, இது அந்தப் பழைய துப்பாக்கி மாதிரி உடம்போடு ஒட்டவில்லை என்று என்னிடமே குறைபட்டுக்கொள்கிறான். என்னிடம்! பதில் சொன்னால் கெட்ட வார்த்தைதான் வரும்.

மே 16, வியாழன்

பெட்ரில்லோ போனில் பேசினாள். அரசு வக்கீல் இரங்கிவிட்டார். கண்காணிப்புதான், சிறை இல்லை. நீதிபதி முன்னால் ஒப்புக்கொண்டால் முடிந்தது. வாழ்த்துகள் என்றாள். என் பள்ளிப் பேருந்து என்ன ஆகும் என்றேன். அதற்கு ஒன்றும் செய்ய முடியாது, உங்கள் கணவர்தான் மனசு வைக்க வேண்டும் என்றாள்.

ஒப்புக்கொள்ளாமல் சண்டை போட்டால்? தோற்றால் மூன்றரை வருஷம். பேத்தி நடக்கப் பழகி, பேசப் பழகி... வேண்டாம். ஒப்புக்கொள்கிறேன்.

ஜூன் 5, புதன்

இன்று ராய்ஸிடம் கடைசியாக ஒரு முறை கேட்டேன். கெஞ்சினேன் என்றே எழுதுகிறேன். "எல்லாம் நல்லபடியாத்தானே முடியுது" என்றான்.

என் பெர்மிட்டை ஷெரிஃப் அலுவலகத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டேன். மேசையில் இருந்த பெண்ணுக்கு என்னை அடையாளம் தெரிந்தது. உங்களை மாதிரி ஆட்கள் விட்டுக்கொடுக்கக் கூடாது என்றாள். நீயே வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஜூன் 20, வியாழன்

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

நீதிமன்றம். நானும் பெட்ரில்லோவும் முன்னால். பின் வரிசையில் ராய்ஸ், தேவாலயத்துக்குப் போடும் கோட்டோடு. துணைக்கு வருகிறேன் என்று அவனாகத்தான் வந்தான். ஊரில் எல்லாரும் நீ கூடப் போக வேண்டாமா என்று கேட்டிருப்பார்கள். நீதிபதி மூக்குக் கண்ணாடி போட்ட மெலிந்த மனிதர். வழக்கை வாசித்தார். ஆயுதம், குண்டு போட்டது, என் பை. எல்லாம் புரிகிறதா என்று கேட்டார். புரிகிறது என்றேன். இதனால் உங்கள் வேலை போகலாம், தெரியுமா? தெரியும். யாராவது கட்டாயப்படுத்தினார்களா? இல்லை என்றேன். திரும்பிப் பார்த்தேன். ராய்ஸ் தன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கடைசியில் அரசு வக்கீல் ஒரு நிபந்தனை சொன்னார். வழக்கமாக எல்லாருக்கும் சொல்வதுதான். கைப்பற்றிய துப்பாக்கியை அரசே எடுத்துக்கொண்டு உருக்கி அழித்துவிடும். இதில் ஆட்சேபம் உண்டா என்று நீதிபதி காகிதத்தைப் பார்த்தபடியே கேட்டார்.

பின்னால் நாற்காலி நகர்ந்தது.

"ஐயா, அது என்னோடது."

எல்லாரும் திரும்பினார்கள். ராய்ஸ் எழுந்து நின்றுகொண்டிருந்தான்.

"நான் வாங்குனது. எங்கிட்ட ரசீது இருக்கு. இவ அதைத் தொட்டதுகூட இல்ல, ஐயா, இவளுக்குச் சுடவே தெரியாது. நான்தான் அன்னிக்கு அதை அவ பையில வெச்சேன். என் பொருளை நீங்க எப்படி உருக்கலாம்?"

பெட்ரில்லோ எழுந்தாள். அவர் சொன்னது ஒரு வார்த்தை விடாமல் பதிவாகட்டும் என்று நீதிபதியைக் கேட்டுக்கொண்டாள். அவள் குரல் தேன் மாதிரி இருந்தது. நீதிபதி கண்ணாடியைக் கழற்றி, என் ஒப்புதலை ஏற்காமல் நிறுத்திவைத்துவிட்டு, உட்காருங்கள், வக்கீல் வைக்காமல் இனி ஒரு வார்த்தையும் பேசாதீர்கள் என்று ராய்ஸிடம் சொன்னார். அப்போதும் அவனுக்குப் புரியவில்லை. "அப்போ துப்பாக்கி?" என்று கேட்டான்.

என்னை அழிக்கப் போகிறோம் என்று அரை மணி நேரம் வாசித்தார்கள். உட்கார்ந்துதான் இருந்தான். அதை அழிக்கிறோம் என்றதும் எழுந்துவிட்டான்.

சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிகிறது. வெளியே வந்து, அங்கே காத்திருந்த மார்சியின் தோளில் சாய்ந்து அழுதேன். அழுதது நிம்மதியில் இல்லை. கல்யாணமாகி முப்பத்தொரு வருஷம். ஒரு இரும்புத் துண்டுக்கு இருந்த மரியாதை எனக்கு இல்லை. சீ!

ஜூலை 11, வியாழன்

தள்ளுபடி. சுத்தமாக. பெட்ரில்லோ வாயில் ஏதோ மென்றுகொண்டே சொன்னாள். வழக்கு இப்போது ராய்ஸ் மேல்.

ஜூலை 21, ஞாயிறு

நான் தேவாலயத்துக்குப் போகவில்லை, அவன் போனான். அவனுக்கென்று பிரார்த்தனை எதுவும் இல்லையாம். நீதிமன்றத்தில் வாயைத் திறந்திருக்கக் கூடாது என்று ஹார்லன் சொன்னாராம். ராய்ஸ் உம்மென்று வந்து உட்கார்ந்தான். பனியன்களை என்ன செய்வது என்று ஹார்லனின் மனைவி என்னைக் கேட்டு அனுப்பியிருக்கிறாள். வண்டி துடைக்க ஆகும் என்று சொல்லி அனுப்பினேன்.

ஆகஸ்ட் 26, திங்கள்

பள்ளி திறந்தது. க்வென் சாவியை என் கையில் வைத்து அழுத்தினாள். பழைய வழித்தடம்தான். கோடையில் எல்லாப் பிள்ளைகளும் ஒரு சாண் வளர்ந்திருக்கிறார்கள். எங்கே போயிருந்தீர்கள் என்று கேட்டதற்கு, ஊருக்குப் போயிருந்தேன் என்றேன்.

செப்டம்பர் 19, வியாழன்

அடுத்த வாரம் ராய்ஸின் வழக்கு. அவன் வக்கீல் என்னையும் சாட்சியாகக் கூப்பிட விரும்புகிறாராம். ராய்ஸ் சாப்பாட்டு மேசையில் எனக்கு எதிரே உட்கார்ந்தான். என்னிடம் இவ்வளவு பணிவாக அவன் பேசியதே இல்லை.

"ரெண்டு பேரும் உபயோகிப்போம்னு மட்டும் சொல்லு. வேற எதுவும் வேண்டாம். அதுவே போதும்னு வக்கீல் சொல்றாரு."

சத்தியம் வாங்கிக்கொண்டு கேட்டால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன் என்றேன். என்ன தெரியும் என்று கேட்டான். நீ வைத்தபோது நான் கழிப்பறையில் இருந்தேன், அவ்வளவுதான் எனக்குத் தெரியும் என்றேன்.

"நீ என் மனைவிதானே, ட்வைலா?"

தட்டுகளை எடுத்துக் கழுவப் போட்டேன். அவன் அங்கேயே உட்கார்ந்திருந்தான்.

நாளை மறுநாள் மார்சி வீட்டுக்குப் போகிறேன். குழந்தை குப்புற விழுகிறதாம். அவனைக் கூப்பிடவில்லை, அவனும் வருகிறேன் என்று சொல்லவில்லை. திரும்பி வருவாயா என்று மட்டும் வாசலில் நின்று கேட்டான். திங்கட்கிழமை காலை பள்ளிப் பேருந்து ஓட்ட வேண்டும், அதற்கு வருவேன் என்றேன்.